மேல் டிவிஷனில் பாடியது

மலாய் நாட்டு மலையூரான பிரிஞ்சாங் டவுனில் முகம்மது கனியின் கடையில் எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது. பாஞ்சாலை மட்டும் கோப்பையைத் தொடவில்லை. விடிகாலையில் ஈப்போவிலிருந்து புறப்பட்ட வேன் தாப்பா ரோட்டு வளைவுகளில் எல்லாருடைய வயிற்றையும் புரட்டி எடுத்திருந்தது. அவள் குடிக்காததற்குக் காரணம் வேறு. ஏழு வருஷத்துக்குப் பிறகு, பிறந்த தேயிலை எஸ்டேட்டுக்குப் போகிறாள். அதுவும் பாட்டுக்குழுவோடு.

அது எழுபத்தொன்பதாம் வருஷத்து டிசம்பர். கிறிஸ்மஸுக்கு முந்தின சனிக்கிழமை. ஈப்போவில் ஒரு சின்னத் தமிழ்க் கிறிஸ்தவச் சபையின் பாட்டுக்குழு அது. தமிழ்ச் சபை என்று பேர்தான். கிட்டார் வாசிக்கிற லியோங் மெங்லெம்புவைச் சேர்ந்த சீனப் பையன். தமிழ்ப் பாட்டுகளை ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பாதிக்கு அர்த்தம் தெரியாமலே தாளம் பிசகாமல் வாசிப்பான். சிறு டிரம் தட்டி இரண்டாம் குரல் பாடுகிற ரினாய், சரவாக்கிலிருந்து ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் பயிற்சிக்கு வந்த இபான் பழங்குடிப் பெண். பாஸ்டர் ஞானமுத்து வேனையும் ஓட்டுவார், பிரசங்கமும் செய்வார். முன்னால் நின்று பாடுகிறவள் பாஞ்சாலை. சபையில் அவள் பேர் பிரிசில்லா.

"எஸ்டேட்டு மேல் டிவிஷனுக்கா போறீங்க, பாஸ்டர்?" கனி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். "நாலு நாளா விடாத மழை. கியா பார்ம் தாண்டி ரோடு மோசம் லா. அது கூடப் பரவாயில்ல. சிங்காரம் மண்டோரு நேத்து இங்கதான் உக்காந்து, நீங்க வர்றதப் பத்திச் சத்தம் போட்டுட்டுப் போனாரு. கோயில் கமிட்டித் தலைவரு அவரு. கோவமா இருக்காரு."

பிறகு பாஞ்சாலையை உற்றுப் பார்த்தார். "நீ சிங்காரத்தோட தங்கச்சிதானம்மா?"

அவள் தலையாட்டினாள். கனி ஒரு பொட்டலம் ரொட்டியை அவள் கையில் வைத்துவிட்டுப் போனார்.

வேன் மறுபடி ஏறத் தொடங்கியதும் பாஸ்டர் கண்ணாடியில் அவளைப் பார்த்துப் பேசினார். "சிஸ்டர், இன்னிக்கு நீங்க சாட்சி சொல்லணும். மத்த எஸ்டேட்ல சொன்னத விட இங்கதான் அதுக்கு மதிப்பு. நீங்க பொறந்த மண்ணு."

அந்தச் சாட்சி அவளுக்கு மனப்பாடம். இருட்டில் இருந்தேன், கல்லைக் கும்பிட்டேன், தீச்சட்டி தூக்கினேன், மாரியம்மன் பாட்டுப் பாடினேன், பிறகு வெளிச்சத்தைக் கண்டேன். சுங்கை சிப்புட்டில் சொன்னாள், பீடோரில் சொன்னாள். கேட்டவர்கள் அழுதார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவளுடைய அண்ணனைத் தெரியாது, அண்ணியைத் தெரியாது.

"வேற யாராச்சும் சொல்லட்டுமே, பாஸ்டர்."

"பயப்படாதீங்க," என்றார் அவர். நல்ல மனுஷர்தான். ஆஸ்பத்திரிச் சிப்பந்தியான எபினேசரை அவள் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்து நின்றபோது, சபையில் முதலில் சோறு போட்டது அவர் வீட்டில்தான். அதனாலேயே அவரிடம் முடியாது என்று அவளால் சொல்ல முடியவில்லை.

எஸ்டேட் வாசலில் குறுக்குக் கட்டை இறங்கியிருந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்றார்கள். நடுவில் சிங்காரம், தொழிலாளர்களை வேலை வாங்குகிற மண்டோர். மீசை நரைத்திருந்தது. அவர் வேனுக்குள் எட்டிப் பார்த்தார். லியோங்கைப் பார்த்தார், ரினாயைப் பார்த்தார். தங்கையின் மேல் கண் பட்டதும் நகர்ந்துவிட்டது.

"எஸ்டேட்டு தொர உத்தரவு குடுத்திருக்காரு, அதனால நான் தடுக்கல," என்றார் பாஸ்டரிடம். "உங்க ஹால்ல உங்க ஆளுங்களோட பாடிக்குங்க. லைனு பக்கம் வரக்கூடாது. மைக்கு செட்டு கூடாது. என் வீட்டு வாசல்ல உங்க சத்தம் கேக்கக் கூடாது. அவ்ளோதான்."

"அண்ணே," என்றாள் பாஞ்சாலை.

"எனக்குத் தங்கச்சி இல்ல," என்று அவர் கட்டையைத் தூக்கச் சொன்னார்.

எடை போடும் கொட்டகையில் வேலை பார்க்கிற சூசைதான் அவர்களை அழைத்திருந்தவர். மேல் டிவிஷனில் ஐந்தே கிறிஸ்தவக் குடும்பம். தகரக் கூரை போட்ட சின்ன ஹாலில் வர்ணக் காகிதம் ஒட்டி வைத்திருந்தார்கள். ஹாலுக்குக் கீழே, நூறு கஜத்தில், செங்குத்தான சரிவின் அடியில் தொழிலாளர் குடியிருக்கிற லைன் வீடுகளின் வரிசை. கடைசி வீடு சிங்காரத்தின் வீடு. அதன் புகைக்கூட்டிலிருந்து புகை எழுவது பாஞ்சாலைக்குத் தெரிந்தது. மணியம்மா அண்ணி அடுப்பு மூட்டியிருக்கிறாள்.

மணியம்மாவும் அவளும் ஒரே தேயிலை நிரையில் கொழுந்து எடுத்தவர்கள். ஆடிக் கூழ் ஊற்றுகிற நாளில் அண்ணி முதல் அடி எடுத்துக் கொடுக்க, பாஞ்சாலை இரண்டாம் அடி பாடுவாள். இருவரும் சேர்ந்தால் மலையே கேட்கும் என்பார்கள். அவள் எபினேசரோடு போன செய்தி வந்த அன்று அண்ணி ஒரு வார்த்தை திட்டவில்லையாம். கதவைச் சாத்திக்கொண்டாளாம். சூசை ஒருமுறை ஈப்போ வந்தபோது சொன்னது.

லியோங் ஒலிபெருக்கிப் பெட்டியைத் திறந்தான்.

"அது வேணாம்னு சொல்லிட்டாங்களே," என்றாள் பாஞ்சாலை.

பாஸ்டர் யோசித்தார். "மழை தகரத்துல அடிக்குது. உள்ள இருக்கிறவங்களுக்கே கேக்காது. சத்தத்தக் கொறச்சு வெச்சுக்கலாம்." ஒலிபெருக்கியின் ஹாரனை ஜன்னலில் கட்டச் சொன்னார். ஜன்னல் லைன் பக்கம் பார்த்திருந்தது. லியோங் பாஞ்சாலையின் முகத்தைப் பார்த்துத் தயங்கினான். பிறகு கட்டினான்.

முதல் இரண்டு பாட்டும் சரியாகப் போயின. மூன்றாவதற்கு முன் பாஸ்டர் அவளை அழைத்தார். மைக்கின் முன் நின்றாள். எதிரே சூசையின் குடும்பமும் இன்னும் சிலரும். வெளியே மழை. வாய் தானாகவே திறந்தது. மனப்பாடம் மனப்பாடம்தானே.

"நான் இந்த எஸ்டேட்டுலதான் பொறந்தேன். இருட்டுல இருந்தேன். எங்க வீட்டுல எல்லாரும் இருட்டுலதான் இருந்தாங்க..."

சொல்லும்போதே, சரிவில் ஏறி வந்த யாரோ எறிந்த கல் ஒன்று கூரையில் விழுந்து உருண்டது. இன்னொன்று. சிறு பிள்ளைகள் அலறின. யாரோ கீழேயிருந்து கத்தினார்கள். பாஸ்டர் "நிறுத்தாதீங்க" என்று சைகை காட்டினார். அவள் நிறுத்திவிட்டாள். மைக்கை விட்டு ஒரு எட்டு பின்னால் போனாள். ரினாய் டிரம்மைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் தோளைப் பிடித்தாள்.

கல்லெறி ஓய்ந்தது. லியோங் தானாகவே போய் ஒலிபெருக்கியின் சுவிட்சை அணைத்தான். "பாட்டு மட்டும் போதும் லா, பாஸ்டர்," என்றான். அவன் அவரை எதிர்த்துப் பேசி யாரும் பார்த்ததில்லை.

மைக் இல்லாமல் இரண்டு பாட்டுப் பாடினார்கள். மூன்றாவதில் இருக்கும்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. இடி என்று முதலில் நினைத்தார்கள். இடி முடிந்துவிடும், இது முடியவில்லை. மரங்கள் முறிகிற சத்தம், தகரம் கிழிகிற சத்தம். பிறகு பெண்களின் ஓலம்.

ஜன்னலுக்கு ஓடிய சூசை, "ஐயோ, கடைசி வீடு!" என்றார்.

பாஞ்சாலை செருப்பில்லாமல் ஓடினாள். சரிவின் ஒரு பெரிய துண்டு தேயிலைச் செடிகளோடு இறங்கிக் கடைசி வீட்டின் பின்பாதியை விழுங்கியிருந்தது. முன்பக்கத் திண்ணையும் ஒரு கதவும்தான் நின்றன. சிங்காரத்தின் பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டில் இருந்ததால் தப்பித்திருந்தன. சிங்காரம் வெறும் கையால் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தார். "மணி! மணி!" என்று அவர் கத்தியது மனிதக் குரல் போலவே இல்லை.

பாட்டுக்குழுவைக் கண்டதும் எழுந்து பாய்ந்தார். பாஸ்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "உங்க மைக்கு சத்தத்துலதான்யா மல எறங்குச்சு! சொன்னேனே, வேணாம்னு சொன்னேனே!"

கூட்டத்தில் இரண்டு பேர் கையில் கட்டையோடு முன்னால் வந்தார்கள். பாஸ்டர் கையை உயர்த்தவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது. அந்த நேரத்தில் லியோங் அவர்கள் எல்லாரையும் தாண்டிப் போய், கிடந்த மண்வெட்டி ஒன்றை எடுத்துச் சேற்றில் முழங்கால் வரை இறங்கி வெட்ட ஆரம்பித்தான். யாரையும் பார்க்கவில்லை. ரினாய் அவன் பக்கத்தில் குனிந்து மண்ணை வாளியில் அள்ளினாள். கட்டை வைத்திருந்தவன் அதைக் கீழே போட்டான். சிங்காரத்தின் பிடி தளர்ந்தது.

லோரி ஓட்டுகிற கருப்பையா வண்டியைக் கொண்டுவந்து விளக்கைப் போட்டார். மாலை ஐந்துக்கே பனி மூட்டி இருட்டத் தொடங்கியிருந்தது. துரை குடையோடு வந்து மேலே பார்த்தார். சரிவின் நெற்றியில் நீளமாக ஒரு விரிசல். இன்னொரு துண்டு எந்த நேரமும் இறங்கலாம், ரொம்பப் பேர் நிற்க வேண்டாம் என்றார். பெண்களை விலகச் சொன்னார்கள். அப்போதுதான் சமையல்கட்டு இருந்த இடத்திலிருந்து ஒரு முனகல் கேட்டது.

கூரையின் பெரிய மரச்சட்டம் சரிந்து விழுந்து அடுப்பு மேடையில் முட்டி நின்றிருந்தது. அதன் அடியில் ஒரு பொந்து. பொந்துக்குள் மணியம்மா. முட்டிக்குக் கீழே இடது கால் சட்டத்தின் அடியில். லோரியின் ஜாக்கியை வைத்துச் சட்டத்தைத் தூக்கலாம் என்றார் கருப்பையா. ஆனால் ஜாக்கி நிற்க அடியில் கெட்டித் தரை வேண்டும், பலகை போட்டு மெல்ல மெல்லத்தான் செய்யணும்.

ரினாய் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள். மலாயும் ஆங்கிலமும் கலந்து வேகமாகச் சொன்னாள்: ரத்தம் போகிறது, குளிர் வேறு, கண் சொருகுகிறது, தூங்க விடக்கூடாது. யாராவது பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருக்கணும்.

சிங்காரம் நுழையப் பார்த்தார். தோள் கொள்ளவில்லை. பாஞ்சாலை புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, யாரையும் கேட்காமல் குப்புறப் படுத்து உள்ளே நகர்ந்தாள். ரினாய் கொடுத்த துணியை வாங்கி, அவள் சொன்னபடியே முட்டிக்கு மேல் இறுக்கிக் கட்டினாள். பிறகு அண்ணியின் கையைத் தேடிப் பிடித்தாள். ஐஸ் போல் இருந்தது.

"யாரு?"

"நான்தான் அண்ணி. பாஞ்சால."

மேலே மழை. பின்னால் லியோங்கும் கருப்பையாவும் பலகையைச் செருகுகிற சத்தம்.

"மைக்குல கேட்டேன்டி," என்றாள் மணியம்மா. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது. "நாங்கள்லாம் இருட்டுலயா இருந்தோம்?"

பாஞ்சாலை அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். கல் விழுந்தபோது கூட அப்படி வலிக்கவில்லை.

"நீ அம்மையில கெடந்தப்ப யாருடி உன்ன மடியில போட்டுக்கிட்டு உக்காந்திருந்தா? அதுவும் இருட்டா?"

"இல்ல அண்ணி. பேசாதீங்க. இல்ல, பேசுங்க. பேசிக்கிட்டே இருங்க."

"தூக்கமா வருது."

"தூங்கக் கூடாது அண்ணி! நான் பாடுறேன், கேளுங்க." அவள் வாய்க்கு முதலில் வந்த கிறிஸ்மஸ் தாலாட்டைப் பாடினாள். இரண்டு அடி போவதற்குள் அண்ணியின் விரல்கள் அவள் கையைத் தள்ளின.

"அது வேணாம்டி. அது உன் பாட்டு. நம்ம ஆத்தா பாட்டப் பாடு. கூழு ஊத்துறப்ப பாடுவமே."

பாஞ்சாலை திரும்பிப் பார்த்தாள். பொந்தின் வாயில் பாஸ்டர் மண்டி போட்டிருந்தார். டார்ச்சைப் பிடித்திருந்தது அவர்தான். கையெட்டுகிற தூரம். ஒவ்வொரு வார்த்தையும் அவருக்குக் கேட்டிருக்கும். ஞானஸ்நானத் தொட்டியில் அவர் முன்னால் நின்று, பழைய சாமி பாட்டை இனி வாயால் எடுக்க மாட்டேன் என்று அவள் சொன்னதும் அவருக்கு ஞாபகம் இருக்கும். அவளுக்கும் இருந்தது. அவள் அதைப் பொய்யாகச் சொல்லவில்லை. அவளுடைய கர்த்தரை அவள் நிஜமாகவே நேசித்தாள். இந்தப் பாட்டைப் பாடினால் கர்த்தருக்கு நான் யார் என்று நெஞ்சு கேட்டது. பாடாவிட்டால் இவளுக்கு நான் யார் என்றும் கேட்டது.

அண்ணியின் கண் சொருகியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

"அண்ணி! அண்ணி!" கன்னத்தில் தட்டினாள். அசைவில்லை.

அவள் பாடினாள்.

*பனி எறங்கும் மலைக்கெல்லாம் காவக்காரி*
*பச்சக் கொழுந்துக் கூடையில குந்த வாடி*

முதலில் குரல் உடைந்தது. மண் வாசனையும் அடுப்புச் சாம்பலும் மூக்கில் ஏற, ஏழு வருஷம் பாடாத அடிகள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. முதல் அடி அண்ணியுடையது. அண்ணி பாட, அவள் பின்னால் வர வேண்டும். இப்போது பாஞ்சாலையே முதல் அடியை மட்டும் பாடிவிட்டு நிறுத்தினாள். காத்திருந்தாள். மறுபடி பாடிவிட்டு நிறுத்தினாள்.

மூன்றாம் தடவை அண்ணியின் உதடு அசைந்தது. சொல்லாக இல்லை, காற்றாகத்தான் வந்தது. ஆனால் இரண்டாம் அடியின் மெட்டு அது.

வெளியே யாரோ ஒருத்தி அந்த அடியை எடுத்தாள். பிறகு இன்னொருத்தி. விலகி நிற்கச் சொல்லியிருந்த பெண்கள் எல்லாரும் மழையில் நின்றபடி பாடத் தொடங்கினார்கள். பாஞ்சாலை முதல் அடி, அவர்கள் இரண்டாம் அடி. ரினாய்க்கு ஒரு சொல்லும் தெரியாது. வாளியைக் கவிழ்த்து அவர்களோடு தாளம் போட்டாள். லியோங்குக்கு அந்தத் தாளம் வேலைக்கு உதவியது. தாளத்துக்கு ஒரு அழுத்து என்று ஜாக்கியின் பிடியை அழுத்தினான். சட்டம் முனகியது. ஒரு விரல்கடை உயர்ந்தது. மேலேயிருந்து கூழாங்கற்கள் பொலபொலவென்று கொட்டின.

"மல அசையுது! வெளிய வாங்க!" என்று யாரோ கத்தினார்கள். சிங்காரம் அசையவில்லை. லியோங்கும் அசையவில்லை.

டார்ச் வெளிச்சம் மட்டும் ஆடவே இல்லை. பாஞ்சாலை அதைக் கவனித்தாள். எந்த நொடியும் அது அணையும், அவர் எழுந்து போய்விடுவார் என்று நினைத்துக்கொண்டே பாடினாள். அது அணையவில்லை.

"இப்ப இழுங்க!" என்றார் கருப்பையா.

பாஞ்சாலை அண்ணியின் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள். பாஞ்சாலையின் கால்களைப் பாஸ்டரும் சிங்காரமும் ஆளுக்கொன்றாகப் பிடித்து இழுத்தார்கள். இரண்டு பெண்களும் ஒன்றாக வெளியே வந்து சேற்றில் விழுந்தார்கள். அவர்களைத் தூக்கிக்கொண்டு லோரி வரைதான் போயிருப்பார்கள், சரிவு மறுபடி இறங்கியது. மிச்சமிருந்த கதவும் போய்விட்டது. ஜாக்கியும் போய்விட்டது.

சூசை ஹாலிலிருந்து வேனில் ஏற்றி வைத்திருந்த ஒலிபெருக்கிப் பெட்டியையும் கிட்டாரையும் இறக்கி எறிந்துவிட்டு மணியம்மாவைக் கிடத்தினார்கள். பக்கத்து ஊர் தானா ராத்தா ஆஸ்பத்திரி வரைக்கும் ரினாய் காலில் போட்ட கட்டு அவிழாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். சிங்காரம் மனைவியின் தலையை மடியில் வைத்திருந்தார். பாஞ்சாலை எதிரே. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போதுதான் அவர், தங்கையின் முழங்கையில் வழிந்த ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "கைய காட்டு, கட்டு போடச் சொல்லு," என்றார்.

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றி, முட்டிக்குக் கீழே காலை எடுத்துத்தான் மணியம்மாவைக் காப்பாற்ற முடிந்தது.

செய்தி சபைக்கு அவர்களுக்கு முன்னாலேயே போய்விட்டது. முன்னால் நின்று பாடுகிறவள் மாரியம்மன் பாட்டுப் பாடினாளாம். புது வருஷம் பிறந்ததும் சபை மூப்பர்கள் கூடினார்கள். அவளையும் எபினேசரையும் உட்கார வைத்தார்கள். பெரிய மூப்பர், "நீங்க வருத்தப்படுறீங்களா?" என்று கேட்டார்.

"மைக்குல சொன்னதுக்கு வருத்தப்படுறேன்," என்றாள் பாஞ்சாலை. "பாடுனதுக்கு இல்ல. கர்த்தரவிட்டு நான் எங்கயும் போகல. அந்தப் பொந்துக்குள்ள அவரு என்கூட இல்லன்னா எனக்கு அவ்வளவு தைரியம் ஏது?"

கசமுசவென்று பேச்சு எழுந்தது. பாஸ்டர் ஞானமுத்து எழுந்து நின்றார். எப்போதும் மடமடவென்று பேசுகிறவர், வார்த்தை தேடினார்.

"வெளிச்சம் புடிச்சது நான்தான். அவங்கள விசாரிச்சா என்னையும் விசாரிங்க. ஒலிபெருக்கி கட்டச் சொன்னதும் நான்தான். அவங்க வேணாம்னு சொன்னாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "பாட்டு சரியா தப்பான்னு எனக்கு இன்னும் தெரியல. தெரியும்னு பொய் சொல்ல மாட்டேன். டார்ச்ச அணைக்க எனக்குக் கை வரல. அவ்வளவுதான்."

மூன்று மாசம் அவள் முன்னால் நின்று பாடக்கூடாது என்று முடிவானது. பாஸ்டரை யாரும் ஒன்றும் செய்யவில்லை. அவர் தானாகவே அந்த மூன்று மாசமும் எஸ்டேட் பயணங்களை நிறுத்திவிட்டார். பிறகு அவள் பாடினாள். சாட்சியை மட்டும் அந்த மாதிரி மறுபடி சொல்லவே இல்லை. யாரும் சொல்லச் சொல்லவும் இல்லை.

அந்த மூன்று மாசமும் பாஞ்சாலை ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆராதனை முடிந்ததும் சோற்றுத்தூக்கோடு நேரே ஆஸ்பத்திரிக்குப் போவாள். பெரும்பாலும் ரினாய் அங்கே வேலையில் இருப்பாள். சில நாள் லியோங் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய் விடுவான், மணியம்மாவுக்கு ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்து, "எப்படி இருக்கு, அக்கா?" என்று கொச்சைத் தமிழில் கேட்டுவிட்டு வெட்கத்தோடு நிற்பான். "இந்தச் சீனப் பையனுக்கு ஒரு நல்ல பொண்ணாப் பாருங்கடி," என்பாள் மணியம்மா.

சிங்காரம் மலையிலிருந்து பஸ் பிடித்து வருகிற நாளில் தங்கை வீட்டில்தான் தங்கினார். பேச்சு குறைவு. எபினேசர் சாப்பாட்டுக்கு முன் ஜெபம் செய்யும்போது தட்டைப் பார்த்தபடி காத்திருப்பார். திருநீற்றைப் பூசிக்கொண்டு கிளம்பும்போது, "போயிட்டு வரேன்" என்பார். அதற்கு மேல் அவளும் எதிர்பார்க்கவில்லை.

மரக்காலைக் கட்டி மணியம்மாவை முதல்முதலாக நடக்க வைத்த அன்று பாஞ்சாலை கூடவே இருந்தாள். வார்டின் நீளத்துக்கும் போய்த் திரும்ப வேண்டும் என்றார் டாக்டர். அண்ணி ஒரு கையில் தடியும் இன்னொரு கையில் நாத்தனாரின் தோளுமாக எழுந்தாள். முதல் அடியிலேயே முகம் வெளிறியது. உதட்டைக் கடித்துக்கொண்டு இரண்டாவது அடியை வைத்தாள். பாஞ்சாலை அவசரப்பட்டு முன்னால் நகர்ந்துவிட்டாள்.

"மெதுவாப் போடி," என்று அதட்டினாள் மணியம்மா. "எங்க ஓடப் போற?"